கோணமலையில் ஒரு பகல்

லிங்கநகர்,
திருகோணமலை.

அன்பின் மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சென்னையிலிருந்து கப்பலில் வருகிறாய், கப்பல் திருகோணமலையில் ஒரு பகல் நிற்கும், அதற்குள் சிகிரியா ஏறி, நிலாவெளியில் குளித்து, கோணேசரையும் கும்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சிகிரியாவை இப்போதே வெட்டிவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பல் என்றால், கையில் பத்து மணித்தியாலம் இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் குடிவரவு, சுங்க அலுவல்கள் முடிந்து அனுமதி கிடைக்கும்வரை ஒருவரும் கீழே இறங்க முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஏணியில் இறங்க வேண்டும். திரும்பி ஏறும் நேரமும் புறப்படும் நேரமல்ல. அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவாவது எல்லாரையும் ஏறிவிடச் சொல்வார்கள். ஆகவே திட்டத்தைக் காலையிலிருந்து போடாதே, பின்னேரத்திலிருந்து பின்னோக்கிப் போடு. ஐந்து மணிக்கு ஏற வேண்டுமென்றால் நான்கு மணிக்குத் துறைமுக வாசலில் நில். இறங்கவே ஒன்பதாகிவிடும்; ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும் ஏழு மணித்தியாலம்தான் உன்னுடையது. சிகிரியா ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். போகவரவே ஐந்து மணித்தியாலம் போய்விடும். மிச்சத்தில் உச்சி வெயிலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படி ஏறி இறங்க வேண்டும். வழியில் ஒரு ரயர் வெடித்தால் என்ன செய்வாய்? கப்பல்காரரே ஒழுங்கு செய்த சுற்றுலா என்றால் அது பிந்தினாலும் காத்திருப்பார்கள். நீயாக வான் பிடித்துப் போயிருந்தால் காத்திருக்க மாட்டார்கள். சிகிரியாவுக்கு வேறொரு தடவை தரைவழியாக வா, இரண்டு நாள் ஆறுதலாக நிற்கலாம்.

சென்னையிலிருந்து வருவதால் மணிக்கூட்டை மாற்றும் வேலை உனக்கில்லை. 2006 ஏப்ரலிலிருந்து இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்று. சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வரும் கப்பல்களில் கப்பல் நேரமும் கரை நேரமும் வேறாக இருக்கக்கூடும். அப்படி வருபவர்கள் இறங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உன் பகல் கரையில் தொடங்குவதில்லை, மேல்தட்டில் தொடங்குகிறது. அன்று விடியமுன் எழும்பு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைக்கும் போனது. உன் கப்பலும் அந்த வழியில் தெற்கேயிருந்து வந்தால், மேற்கே திரும்பிக் கொட்டியாரக் குடாவுக்குள் நுழையும். வலது கைப்பக்கம் நில். கடலிலிருந்து செங்குத்தாக எழும்பும் சுவாமிமலையும் அதன் உச்சியில் கோணேசர் கோயிலும் தெரியும். அந்தக் கோயிலைக் கடலிலிருந்து பார்க்கும் வாய்ப்பு இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கே கிடைத்ததில்லை. இடது பக்கம் தூரத்தில் தெரிவது மூதூர்க் கரை. 1660இல் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் இழந்த பாய்மரத்துக்கு மாற்று மரம் தேடி இந்தக் குடாவுக்குள்தான் வந்து நின்றது. கரையிறங்கியவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவர் சிறையிருப்பிலேயே இறந்தார். அவருடைய மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகுதான் தப்பினார். அவர் எழுதி 1681இல் வெளிவந்த நூல், அந்தக் காலத்துக் கண்டி இராச்சியத்து வாழ்க்கையை அறிய இன்றும் உதவுகிறது.

இறங்கியதும் முதலில் கோணேசரிடம் போ. பக்தி மட்டும் காரணமல்ல. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்; பத்து மணிக்குப் பிறகு கல்லில் வெறுங்காலோடு நடக்கவும் முடியாது. கப்பல் வந்து நிற்கும் இறங்குதுறையிலிருந்து பட்டினத்துக்கு நடந்து வரலாம் என்று நினைக்காதே. ஓட்டோவோ வானோ பிடிக்க வேண்டும். ஏறுமுன் முழுப் பகலுக்கும் சேர்த்து விலை பேசு. இடத்துக்கு இடம் பேசினால் கூடத்தான் முடியும்.

கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது. உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, ஆகவே கண்ட இடத்தில் கமராவை நீட்டாதே. வாசலில் இறங்கி ஏற்றத்தில் நடந்தே போ. புள்ளிமான்கள் பக்கத்தில் வரும். பொலித்தீன் பையோடு எதையும் கொடுத்துவிடாதே. அதைவிட முக்கியமாக, வாசல் கல்லைப் பார். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். வாசல் கற்களில் பாண்டியரின் இணைக்கயலும் ஒரு தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் அது. கோயிலுக்குப் போகிறேன் என்று போகிறவர் உண்மையில் பழைய கோயிலுக்குள்ளால்தான் நடந்துபோகிறார். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்க்காமல் மேலே ஏறாதே.

உள்ளே கும்பிடும்போது இதையும் நினைத்துக்கொள். இடிபாட்டுக்குத் தப்ப வைப்பதற்காக அந்தக் காலத்தில் மண்ணுக்குள் புதைத்த வெண்கலத் திருமேனிகள் சில, 1950இல் இந்த ஊரில் கிணறு வெட்டும்போது வெளிவந்தன. இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். சம்பந்தர் பதிகம் பாடிய தலத்தில் முந்நூறு வருடத்துக்கு மேல் மலையுச்சியில் கோயிலே இருக்கவில்லை; அப்போதும் சனங்கள் அந்தப் பாறையில் நின்று கடலை நோக்கிப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். பக்கத்தில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார், ஆனால் விளிம்புக்குப் போகாதே. உடுப்பு முழங்காலை மூடட்டும். தோளுக்கு ஒரு சால்வை கொண்டுவா.

இதற்குப் பிறகு ஒன்றே ஒன்றைத் தெரிவுசெய். மாதத்தைப் பொறுத்துச் சொல்கிறேன். மே முதல் செப்ரெம்பர் வரை, கச்சான் காற்றுக் காலத்தில், எங்கள் பக்கக் கடல் அமைதியாகக் கிடக்கும். அப்போது வந்தால் நிலாவெளிக்குப் போய்ப் படகில் புறாத்தீவுக்குப் போ. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கூட. படகுக் கூலி புறம்பு. பவளப்பாறையில் கால் ஊன்றாதே, செத்த பவளத் துண்டைக்கூட எடுக்காதே. திரும்பும்போது உப்புவெளியில் வீதியோரமாகவே போர்க்கால மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்த யுத்த காலத்தில் இறந்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள். கல்லில் பொறித்த வயதுகளை வாசித்துப் பார், உன் வயதுப் பிள்ளைகள்.

நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வந்தால் வாடைக்காலம். கடலுக்குள் இறங்காதே, யார் கூப்பிட்டாலும் இறங்காதே. அப்போது அனுராதபுர வீதியால் கன்னியாவுக்குப் போ. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வித்தியாசம், வாளியால் அள்ளி வார்த்துக் குளிக்கலாம். மாற்றுடுப்பு வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் அந்தத் திசையிலேயே வெல்கம் விகாரைக்கும் போகலாம். எங்கள் சனம் நாதனார் கோயில் என்று சொல்லும் இடம். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்த விகாரைக்குக் கொடுத்த தானங்களைத் தமிழில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. தமிழர் புத்தரைக் கும்பிட்ட காலம் ஒன்று இருந்ததை நீ புத்தகத்தில் படித்திருப்பாய், அங்கே அதன் கல்லையே பார்க்கலாம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று. அங்கே போகும் பயணிகள் குறைவு என்பது எனக்குப் பெரிய குறை.

நீ ஜேன் ஆஸ்டினை விரும்பி வாசிப்பவள் என்பதால் ஒன்று: அவருடைய தம்பி சாள்ஸ் ஆஸ்டின், கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் இறந்தார். அடக்கம் செய்தது இங்கேதான், பட்டினத்துக்குள், புனித ஸ்டீபன் மயானத்தில்.

மற்றவை சுருக்கமாக. கப்பல் அட்டை இல்லாமல் துறைமுக வாசலுக்குள் விடமாட்டார்கள். பையில் போடாதே, கழுத்தில் போடு. கடவுச்சீட்டின் படப்பிரதி ஒன்றும் வைத்துக்கொள். இந்திய ரூபாவைக் கடைகளில் வாங்க மாட்டார்கள், இலங்கைக் காசாக மாற்று. நீ வரும் நாள் பௌர்ணமியா என்று கலண்டரில் பார்; போயா விடுமுறையில் வங்கிகள் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியில் அலையாதே. பன்னிரண்டரைக்கு லிங்கநகருக்கு வா, மாமி பாரை மீன் குழம்பு வைப்பா. வந்து சாப்பிட்டுப் போக ஒரு மணித்தியாலம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். கப்பல் வரும் திகதியும், ஏறச் சொல்லும் நேரமும் தெரிந்தவுடன் எழுது. தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா