தென்வானத்துக் கோளத் திரள் – ஓர் ஆய்வு

முன்னுரை

வானியல் என்பது அயல்மொழியில் மட்டுமே பயிலத்தக்க துறை எனக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. சித்திரை, கேட்டை என விண்மீன்களின் பெயரால் நாளையும் திங்களையும் வழங்கிவரும் மொழிக்குரிய நாம் அவ்வாறு ஒதுங்கி நிற்றல் தகாது. காட்டாங்குளத்தூரில் நின்றே காணத்தக்க 'ஒமேகா சென்டாரி' என்னும் விண்மீன் திரளைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கோளத் திரள் யாது?

இலட்சக்கணக்கான விண்மீன்கள் தம் ஈர்ப்பு விசையால் பிணைந்து உருண்டை வடிவில் செறிந்திருப்பதே கோளத் திரள் ஆகும். நமது பால்வழி மண்டலத்தில் இத்தகைய திரள்கள் 150க்கு மேல் அறியப்பட்டுள்ளன. பெருநிறை கொண்ட விண்மீன்கள் தம் எரிபொருளை விரைந்து தீர்த்து மடியும். சிறியவை நெடுங்காலம் வாழும். எனவே, ஒரு திரளில் எவை எஞ்சியுள்ளன என்று கண்டால் அதன் வயதைக் கணிக்கலாம். அவ்வாறு கணித்ததில் இவற்றுட் பெரும்பாலானவை 1000 கோடி ஆண்டுகளைக் கடந்த முதுமை உடையவை எனத் தெரிகிறது. பால்வழியின் கோளத் திரள்களுள் மிகப் பெரியது ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இதில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள் உள்ளன.

அறிந்த வரலாறு

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தம் பட்டியலில் இதனைத் தனியொரு விண்மீனாகவே குறித்தார். அப்பட்டியலை ஆராய்ந்து திருத்தி, 964ஆம் ஆண்டளவில் அரபு மொழியில் நிலைவிண்மீன்கள் பற்றிய நூலை இயற்றியவர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி. இவ்வாறு கைமாறிய அறிவே பின்னர் ஐரோப்பாவைச் சென்றடைந்தது. 1677இல் செயிண்ட் ஹெலினா தீவிலிருந்து நோக்கிய ஹாலி, இது விண்மீன் அன்று, மங்கிய ஒளிப்படலம் என்றார். அது எண்ணற்ற விண்மீன்களின் திரளே என்பதை 1830களில் ஜான் ஹெர்ஷல் தெளிவுபடுத்தினார்.

1918இல் ஹார்லோ ஷாப்லி கோளத் திரள்களின் தொலைவுகளை அளந்தார். அவை சூரியனைச் சுற்றி அமையாமல், தனுசு இராசித் திசையிலுள்ள ஒரு மையத்தைச் சுற்றிப் பரவியிருந்தன. பால்வழியின் மையம் நாமல்லோம் என்பது அன்று புலனாயிற்று. அம்மையம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளதென இன்று அறிகிறோம்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகத்தில் 1861 முதல் 1891 வரை பணியாற்றியவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியில் ஐந்து படி வேறுபாடு நூறு மடங்குக்குச் சமம் என்னும் அளவையை 1856இல் வகுத்தவர் இவரே. சென்னைக்கு வருமுன், 1860இல், விருச்சிகத்திலுள்ள எம்-80 என்னும் கோளத் திரளில் திடீரென ஒளிர்ந்த புதுமீனைக் கண்டவர்களுள் இவரும் ஒருவர்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவலூரும் காட்டாங்குளத்தூரும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் அமைந்தவை. ஆகவே, அங்குள்ள அறிஞர்க்குத் தோன்றும் அதே உயரத்தில் இத்திரள் நமக்கும் தோன்றுகிறது.

2024இல், ஹப்பிள் தொலைநோக்கி இருபதாண்டுகளாக எடுத்த படங்களை ஆராய்ந்தோர், இத்திரளின் நடுவே மிக விரைந்து செல்லும் ஏழு விண்மீன்களைக் கண்டனர். குறைந்தது 8,200 சூரிய நிறை கொண்ட கருந்துளை அங்கு இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிவு. பால்வழி விழுங்கிய சிறு விண்மீன் மண்டலம் ஒன்றின் எஞ்சிய நடுப்பகுதியே இத்திரள் என்னும் கருத்துக்கு இது வலுவூட்டுகிறது.

காணும் முறை

மே மாத இறுதியில், நிலவற்ற இரவில், 9 மணியளவில் தெற்கு நோக்கி நிற்போமாக. தலைக்குமேல் சற்றுத் தெற்கே சித்திரை விண்மீன் ஒளிரும். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. சித்திரையிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்கினால், அடிவானிலிருந்து மூன்று முட்டி உயரத்தில் ஒமேகா சென்டாரி இருக்கும். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு மங்கிய விண்மீனாகவும், இருகண் நோக்கியில் பஞ்சுப் பொதியாகவும் தெரியும்.

முடிவுரை

சென்னையின் ஒளி நமக்கு வடக்கே உள்ளது; தென்வானமே நமக்கு எஞ்சிய செல்வம். நெடுஞ்சாலை விளக்குகளாலும் வளரும் கட்டடங்களாலும் அதுவும் வெளிறி வருகிறது. விளக்குகளின் ஒளி மேனோக்கிச் சிதறாதவாறு மூடியிடுதல் எளிது, செலவும் குறைவு. மாணவர் வானை நோக்கவும், ஆசிரியர் அதனைத் தமிழில் விளக்கவும், ஊர்ப் பெரியோர் விளக்குகளைச் சீர்செய்யவும் முன்வருவாராயின், இத்திரளைப் பின்வரும் தலைமுறையும் இவ்வூரிலிருந்தே காணும்.