சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1970களில் வந்த ஜப்பானிய ரிசீவர் ஒன்று உன் மேசைக்கு வந்திருக்கிறது. இடது பக்கம் சத்தம் கம்மி, சில நேரம் அறவே இல்லை. ரெக்கார்டு போட்டால் பாட்டுக்கு அடியில் ஒரு ஹம். உள்ளே இருக்கும் கண்டன்சர் அத்தனையையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். எது கெட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால் இன்னும் மோசம். பழைய கோளாறோடு, நீ புதிதாக வைத்த சால்டரில் எங்கே தப்பு என்றும் தேட வேண்டியிருக்கும். இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் நீ பாகம் மாற்றுகிறவனாக இல்லாமல், கோளாறு கண்டுபிடிக்கிறவனாக வர வேண்டும் என்பது என் ஆசை.

மூடியைக் கழற்றாமலே பாதி வேலை முடியும். செட்டை ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலமாக மாற்றிப் போடு. சத்தக் குறைவு அதே பெட்டியில் நின்றால் கோளாறு அந்தப் பெட்டியில். அடுத்த பெட்டிக்குத் தாவினால் பெட்டிகள் நல்லவை, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. ஒயர்களைப் பழையபடி போட்டுவிட்டு, ரெக்கார்டு பிளேயரிலிருந்து வரும் இரண்டு பின்களை மாற்றிச் செருகு. இப்போது கோளாறு பக்கம் மாறினால் கார்ட்ரிட்ஜ், அதன் ஒயர், பிளேயர் என்று அந்தத் திசையில் தேடு. மாறாவிட்டால் ரிசீவர். இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

வால்யூமை ஏற்றினால் இடது பக்கம் சட்டென்று வந்துவிடுகிறது, இறக்கினால் கரகரத்து மறைகிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். செட்டைப் போட்டுச் சில விநாடி கழித்து உள்ளே 'டிக்' என்று கேட்கிறதே, அது ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே. அதன் கான்டாக்டில் காலப்போக்கில் கறுப்புப் படலம் ஏறிவிடும். சத்தம் சன்னமாக இருக்கும்போது அந்தச் சிறிய வோல்டேஜால் படலத்தைத் தாண்ட முடியாது. சத்தத்தை ஏற்றினால் உடைத்துக்கொண்டு போய்விடும். பிறகு மூடியைத் திறக்கும்போது, மெல்லிய சத்தத்தில் பாடவிட்டு, பிளாஸ்டிக் பிடி ஒன்றால் ரிலேயின் தலையில் லேசாகத் தட்டிப் பார். பாட்டு வந்து வந்து போனால் அதிலேயே சந்தேகம் வை. கான்டாக்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, மேல்பூச்சு போய்விட்டால் பிறகு அது சீக்கிரமே திரும்பக் கறுக்கும். கான்டாக்ட் கிளீனரில் நனைத்த கெட்டித்தாளை இடையில் விட்டு இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். அதே காயில் வோல்டேஜ் உள்ள புது ரிலே போடுவதுதான் நிரந்தரம்.

ரிலே இல்லையென்றால் அடுத்து டேப் மானிட்டர் ஸ்விட்சைப் பார். டேப் டெக் போன பிறகு அந்த ஸ்விட்சை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஆனால் பாட்டு முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. நம் சென்னைக் கடற்காற்று சும்மா இருக்கிற கான்டாக்டைத்தான் முதலில் பிடிக்கும். பின்பக்கம் பிரீஆம்பையும் மெயின் ஆம்பையும் சேர்க்கும் 'யு' வடிவக் கம்பிகள் இருந்தால் அவற்றையும் கழற்றித் துடைத்துப் போடு. கிளீனர் என்று கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெயை மட்டும் அடித்துவிடாதே. கிளீனர் அடித்த பிறகும் வால்யூம் கன்ட்ரோல் கரகரத்தால், மூடியைத் திறந்த பிறகு அதன் முனையில் டிசி வருகிறதா என்று அளந்து பார். வந்தால் முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. மாற்ற வேண்டிய கண்டன்சர் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஹம்முக்கு வருகிறேன். வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கு. அப்போதும் ஹம் இருந்தால் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிந்தைய பகுதியிலோ பவர் சப்ளையிலோ தேடு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபயரைத் தாண்டும்போது அதன் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஆகவே ஃபில்டர் கண்டன்சர் வற்றினால் வரும் ஹம் கொஞ்சம் உயர்ந்த, முரட்டுத்தனமான 100 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறில் பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் கேட்கும். இரண்டையும் காதாலேயே பிரித்தறியப் பழகிக்கொள். உனக்கு ரெக்கார்டு போட்டால் மட்டும்தானே ஹம் வருகிறது? அப்படியென்றால் முதலில் பிளேயரின் எர்த் ஒயர் ரிசீவரின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா பார். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், அதைப் பெரிதாக்குகிற ஃபோனோ சர்க்யூட் அருகில் இருக்கும் எந்த ஹம்மையும் சேர்த்தே பெரிதாக்கும்.

சோதனைக்கு நல்ல தட்டு ஒன்றை வைத்துக்கொள். 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வந்த வெங்கடேச சுப்ரபாதத்தின் பழைய மோனோ பிரதி கிடைத்தால் விடாதே. மோனோ என்பதால் இரண்டு பக்கமும் ஒரே சிக்னல், குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சேனல் ஓங்கியிருக்கிறது. நடுவில் நிற்காமல் எங்கேயோ பரவி, அடிச்சத்தமும் செத்துப்போனால் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் தலைகீழாக இருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார். பாசிட்டிவில் பாசிட்டிவ் பட்டால் பெரும்பாலான வூஃபர்களில் கோன் வெளியே தள்ளும். இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும், அதுதான் முக்கியம். 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் சீறினால், அதுவும் தட்டின் உட்பக்கம் போகப் போகக் கூடினால், பெரும்பாலும் முள் தேய்ந்திருக்கும். எல்.பி.யின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே அது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி நெருக்கி எழுதப்பட்டிருக்கும் அந்த இடத்தில் தேய்ந்த முள்ளால் வளைந்து போக முடியாது.

சுருதியையும் கேள். அமெரிக்காவிலிருந்து வந்த பிளேயரில் 60 ஹெர்ட்ஸுக்கான சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால், ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 5 கட்டையில் பாடியது ஏறக்குறைய 3 கட்டையில் கேட்கும். பெல்ட்டை மாற்றிப் பயனில்லை, 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மூடி. திறந்த பழைய செட்டுக்கு முதன்முறை சீரிஸ் லாம்ப் இல்லாமல் கரன்ட் கொடுக்காதே. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் தொடரலாம். பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணை. பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி, அந்த முனைகளில் டிசி அள. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் காரணம் தேடு. வோல்ட் கணக்கில் இருந்தால் அதில் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது.

கண்ணாலும் பார். பெரிய கண்டன்சர்களின் அடியில் பழுப்பு நிறப் பசை இருக்கும். போர்டில் வைத்தபோது அது வெளிர் மஞ்சள். வருஷக்கணக்கான சூட்டில் கறுத்து, கரன்ட்டைக் கடத்தவும் பக்கத்து லீடுகளை அரிக்கவும் தொடங்கும். அதைப் பொறுமையாகச் சுரண்டி எடு. சூடான பாகங்களைச் சுற்றி சால்டரில் மெல்லிய வளையம் தெரிந்தால் டிரை சால்டர். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு பக்கம் பொரிந்துகொண்டே இருந்தால் கண்டன்சரை விட்டுவிட்டுச் சிறிய டிரான்சிஸ்டர்களைச் சந்தேகப்படு. அக்காலத்து 2எஸ்சி458 இதற்குப் பேர்போனது. பவர் டிரான்சிஸ்டர் வாங்க நேர்ந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவு விலையைப் பார்த்து மயங்காதே. 2என்3055 என்று மேலே அச்சடித்து உள்ளே பொடிச் சில்லு வைத்த போலிகள் நிறைய, முழுச் சத்தத்தில் வைத்த அன்றே போய்விடும்.

பயஸ் பிரீசெட்டை இப்போது தொடாதே. பல சர்க்யூட்டுகளில் அதன் வைப்பர் ஒரு கணம் விட்டுப்போனாலே அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கருகிவிடும். சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் அளவை முதலில் குறித்துக்கொள்.

ரிலேயைத் தட்டினால் என்ன ஆகிறது, எர்த் ஒயரை இறுக்கியபின் ஹம் எப்படி இருக்கிறது, இரண்டு பக்கமும் டிசி எத்தனை மில்லிவோல்ட் என்று எழுது. எந்தக் கண்டன்சர் என்பதை அதன்பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்