சர்க்கரையில்லாச் சோடாவும் தணியாத தாகமும்

எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் நீரிழிவு நோயாளிகளிடம், குளிர்பானம் அருந்துவதுண்டா என்று நாங்கள் கேட்பது வழக்கம். இல்லை என்று கூறுவோரில் சிலர் சற்றுப் பொறுத்து, "டயட் சோடா மட்டும்தான்" என்று சேர்த்துக்கொள்வர். நாளொன்றுக்கு எத்தனை, எத்தனை ஆண்டுகளாக என்று தொடர்ந்து கேட்டால், அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பது தெரியவரும்.

கீழ்வேளூர் வட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம். அவரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம். பல ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் பணியாற்றி, ஊர் திரும்பி, இப்போது சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறார். அங்கிருந்தபோதே நீரிழிவு கண்டறியப்பட்டது. அதுவரை நாள்தோறும் அருந்திவந்த கோலாவைக் கைவிட்டு, சர்க்கரையில்லாக் கோலாவுக்கு மாறினார். அன்றைய நிலையில் அது சரியான முடிவு என்றே நாங்களும் கூறுவோம். 300 மி.லி. சாதாரணக் கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதாவது ஆறு தேக்கரண்டி. அதை நாள்தோறும் தவிர்த்தது அவருக்கு நன்மையே செய்தது. ஆனால் மாற்றாக வந்த பானம் வீட்டோடு தங்கிவிட்டது. காலையில் ஒன்று, மதிய உணவோடு ஒன்று, மாலையில் ஒன்று; கோடையிலும் குறுவை நடவுக் காலத்திலும் நான்காவதும் சேரும். இப்படியே பன்னிரண்டு ஆண்டுகள்.

அவர் எங்களிடம் வந்தபோது சொன்ன குறை, இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கிறது என்பது. தாகம் எடுக்கிறதா என்று கேட்டோம். "இந்த வெயிலுக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா டாக்டர்? அதற்குத்தான் சோடா இருக்கிறதே" என்றார். அன்று அவருடைய இரத்தச் சர்க்கரை 290.

இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள இயலாது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும். வெளியேறும்போது நீரையும் இழுத்துச் செல்லும். உடல் வறண்டு தாகம் எடுக்கும். ஆகவே நீரிழிவு நோயாளிக்குத் தணியாத தாகம் என்பது ஓர் அறிவிப்பு. மருந்தின் அளவு போதவில்லை, உணவில் ஏதோ பிழை, அல்லது உடலில் எங்கோ தொற்று என்று அது நமக்குத் தெரிவிக்கிறது. பக்கத்தில் எப்போதும் குளிர்ந்த புட்டி ஒன்று இருப்பவர் அந்த அறிவிப்பைச் செவிமடுப்பதில்லை, குடித்து அடக்கிவிடுகிறார். டயட் சோடா அவருடைய சர்க்கரையை உயர்த்தவில்லை. உயர்ந்திருந்த சர்க்கரையை மாதக்கணக்கில் மறைத்து வைத்தது. எங்கள் கருத்தில் இதுவே இப்பழக்கத்தின் முதன்மையான தீங்கு.

பலர் அஞ்சுவது வேறொன்றுக்கு. இப்பானங்களில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் ஆஸ்பர்டேம் புற்றுநோயை உண்டாக்குமோ என்று 2023ஆம் ஆண்டு ஜூலையில் செய்திகள் வந்தன. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்னும் பிரிவில் சேர்த்தது உண்மை. அதே நேரத்தில் உணவுச் சேர்ப்புப் பொருள்களை ஆராயும் வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் அவ்வரம்பைத் தாண்டவேண்டுமானால் நாளுக்கு ஒன்பது முதல் பதினான்கு டப்பாக்கள் குடிக்க நேரும். எனவே பழைய புட்டிகளை எண்ணி உறக்கம் கெடவேண்டியதில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அவ்வமைப்பு பரிந்துரைத்தது; நீண்ட காலத்தில் எடை குறைவதற்கான சான்று இல்லை என்பது அதன் முடிவு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்பதை நாளிதழ்கள் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிட்டன.

மீண்டும் நம் விவசாயியிடம் வருவோம். அவருக்கு இன்சுலின் தொடங்கினோம். சில வாரங்களில் தாகமும் இரவு எழுவதும் குறைந்தன. அப்போதுதான் எவரும் எதிர்பாராத ஆபத்து ஒன்று நேர்ந்தது. ஒருநாள் இரவு உணவைக் குறைத்துக்கொண்டு, ஊசியை மட்டும் வழக்கமான அளவில் போட்டுக்கொண்டார். நள்ளிரவில் வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு. சர்க்கரை தாழ்ந்தால் இனிப்பான பானம் கொடுக்கவேண்டும் என்று அவருடைய மனைவிக்கு நாங்கள் சொல்லியிருந்தோம். அந்த அம்மா உடனே குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, கைக்குக் கிடைத்த புட்டியைக் குடிக்கக் கொடுத்தார். நாவுக்கு அது இனிப்புத்தான். ஆனால் அதில் ஒரு துளிச் சர்க்கரையும் இல்லை. கால் மணி நேரம் கழித்து, நிலை மோசமான பிறகு, மகன் எழுந்து வந்து சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தார். அதனால் பிழைத்தார். "இனிப்புத்தானே கொடுத்தேன், ஏன் டாக்டர் தெளியவில்லை?" என்று அந்த அம்மா கேட்டபோது, எங்கள் அறிவுரையில் இருந்த குறை எங்களுக்கே புலப்பட்டது. அன்று முதல் 'இனிப்பான பானம்' என்று நாங்கள் சொல்வதில்லை.

உடனிருந்து பராமரிப்போர் இதைக் கவனமாக மனத்தில் கொள்ளவேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், நோயாளி நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பரிசோதித்து, உயரவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். அகார்போஸ், வோக்ளிபோஸ் ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைவாக வேலை செய்யாது; குளுக்கோஸ் பொடியே வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு அவர் சோடாவை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். மறுநாள் மாலை தலைவலி தொடங்கியது. இரண்டாம் நாள் தலையை நிமிர்த்த முடியவில்லை; வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். இரத்த அழுத்தம் என்று எண்ணி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். மூன்றாம் நாள் ஒரு புட்டி குடித்தார். அரை மணி நேரத்தில் தலைவலி விலகியது. சோடா இல்லாமல் தம் உடல் இயங்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

காரணம் காஃபீன். காப்பியில் இருக்கும் அதே பொருள் கோலாவிலும் உண்டு. டயட் கோலாவிலும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் 355 மி.லி. டயட் கோக் டப்பா ஒன்றில் ஏறத்தாழ 46 மில்லிகிராம் இருக்கிறது. நாள்தோறும் பழகியவர் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தோன்றும். முதல் இரண்டு நாள்களில் உச்சத்தை அடையும். சிலருக்கு ஒன்பது நாள் வரை நீடிக்கும். பிறகு தானாகவே போய்விடும். இது மன உறுதி இன்மையன்று. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வர். நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், இத்தலைவலிக்காக டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்வது சோடாவைவிடப் பெருங்கேடு.

இரண்டாம் முறை நாங்கள் சேர்ந்து திட்டமிட்டோம். முதல் வாரம் மாலைப் புட்டியை மட்டும் நிறுத்தினார்; உறக்கத்தைக் கெடுப்பது அதுவே. இரண்டாம் வாரம் காலைப் புட்டி. மதியப் புட்டிதான் கடினமாக இருந்தது. சோற்றோடு சேர்த்து நுரைக்கும் ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கவேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்விருப்பத்தோடு நாங்கள் சண்டையிடவில்லை. சர்க்கரையோ இனிப்பூட்டியோ சேராத வெறும் கோலி சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடிக்கச் சொன்னோம். அதில் உப்புச் சேர்ப்பதை மட்டும், இரத்த அழுத்தம் காரணமாகத் தடுத்தோம். வயலுக்குப் பானை நீரும், உப்புக் குறைந்த நீர்மோரும் போயின. இக்காலத்தில் காப்பியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஐந்து வாரங்கள் ஆயின. நடுவில் உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் திட்டம் கலைந்து, ஒரு வாரம் பின்னால் போனோம்.

மாற்றாக எதை அருந்துவது என்பதில் எங்கள் பகுதியில் பெருந்தவறு நிகழ்கிறது. சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். உள்ளூர்ப் பானங்களுக்கு அப்போது கிடைத்த வரவேற்பு நியாயமானதே. ஆனால் உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே அது நீரிழிவுக்கு ஏற்றது ஆகிவிடாது. பன்னீர் சோடா, நன்னாரி சர்பத், கரும்புச்சாறு ஆகிய மூன்றிலும் சர்க்கரை நிறைந்திருக்கிறது. டயட் சோடாவை விட்டு இவற்றுக்கு மாறுவோருக்கு, விடாமலே இருந்திருக்கலாம் என்றுதான் சொல்லத் தோன்றும். இளநீரில் சர்க்கரையோடு பொட்டாசியமும் மிகுதி. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். அவர்கள் ஒரு நாளுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் எங்களிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

பற்களைப் பற்றி ஒரு சொல். டயட் கோலாவில் சர்க்கரை இல்லாவிட்டாலும் அமிலம் இருக்கிறது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சினால் பல்லின் மேற்பூச்சு அரிக்கப்படும். அவருடைய முன்பற்கள் இரண்டைப் பல் மருத்துவர் சீர்செய்ய நேர்ந்தது.

சோடாவை விட்டதனால் மட்டும் அவருடைய சர்க்கரை குறையவில்லை. அது இன்சுலினாலும் உணவு முறையாலும் குறைந்தது. இப்போது தாகம் எடுத்தால் முதலில் சர்க்கரையைப் பரிசோதிக்கிறார். அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று, இருட்டிலும் கைக்கு எட்டும்படி, நூலில் கட்டித் தொங்குகிறது. அது அந்த அம்மாவின் ஏற்பாடு. சென்ற முறை வந்தபோது, தங்கை மகன் திருமணத்தில் ஒரு டயட் கோலா குடித்ததாகத் தாமாகவே சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கால்களைப் பரிசோதிக்கத் தொடங்கினோம்.