கொள்வோரைத் தேடிய தீவு

தனக்கு வேண்டிய பொருள்கள் யாவற்றையும் தன் எல்லைக்குள்ளேயே விளைத்துக்கொள்ளும் நாடு உலகத்தில் இல்லை. எனினும், சில நாடுகள் பிற நாடுகளை ஓரளவே சார்ந்திருக்கின்றன. வேறு சில நாடுகளோ, தம் விளைபொருளிற் பெரும்பகுதியைக் கடல் கடந்து விற்றாலன்றி வாழ இயலாத நிலையில் உள்ளன. அத்தகைய நாடு ஒன்று, நெடுங்காலம் நம்பியிருந்த ஒரு வாடிக்கை நாட்டை விட்டு மற்றொரு நாட்டை நாடுமாயின், அதனை நன்றி மறத்தல் என்பதா? அன்றிப் பேராசை என்பதா? நியூசிலாந்தின் வாணிக வரலாற்றைக் கற்போர்க்கு இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

நியூசிலாந்து, பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள தீவு நாடு. அதன் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பைப்போல் இருமடங்காகும். மக்கள்தொகையோ 50 இலட்சத்திற்குச் சற்றே மிகுதி. மழை வளமும் பசும்புல் வளமும் வாய்ந்த அந்நாட்டில் ஆடுமாடுகள் பெருகின. ஆயின், பெருகிய கால்நடைகளின் பயனைத் துய்ப்பதற்கு வேண்டிய மக்கள் அங்கு இல்லை. ஆட்டின் மயிர் கெடாத பொருளாதலின், அதனைக் கப்பலேற்றிக் கம்பளி ஆலைகளுக்கு அனுப்பினர். இறைச்சியையும் வெண்ணெயையும் என் செய்வது? விலைபோகாத ஆடுகளைக் கொப்பரையிலிட்டு உருக்கிக் கொழுப்பெடுத்து, எஞ்சியதை எறிந்த காலமும் உண்டு.

அந்நிலையை மாற்றியது ஒரு பாய்மரக் கப்பல். 1882 பிப்ரவரி 15-ஆம் நாள், ‘டனீடின்’ என்னும் அக்கப்பல், உறையவைத்த ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களைச் சுமந்து, போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தினின்று இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. குளிர்விக்கும் இயந்திரம் ஒன்று அதனுள் அமைக்கப்பட்டிருந்தது. அவ்வியந்திரத்தின் புகைபோக்கியினின்று பறந்த தீப்பொறிகள் பாய்களிற் பற்றி அச்சுறுத்தின. வெப்பமண்டலக் கடலில், கப்பலின் எல்லாப் பக்கங்களுக்கும் குளிர்காற்றுச் செல்லவில்லை. மாலுமித் தலைவர் விட்சன், காற்றுக்குழாயினுள் தாமே ஊர்ந்து சென்று, காற்றுப் பரவுதற்குத் துளைகள் அறுத்தார். குளிரால் உடல் விறைத்துப்போன அவரைக் கயிற்றாற் கட்டி வெளியே இழுத்தனர். தொண்ணூற்றெட்டு நாட்பயணத்தின் பின்னர், மே மாத இறுதியிற் சரக்கு இலண்டனை அடைந்தது. ஏறத்தாழ முழுவதும் கெடாமல் இருந்தது! அன்றே நியூசிலாந்தின் புல்வெளிக்கும் இலண்டன் மாநகரின் அடுக்களைக்கும் இடையே பாதை திறந்தது. இடைத்தொலைவு ஏறத்தாழ 12,000 மைல். அருகில் உள்ளோரிடம் விற்பதே வாணிகத்தின் இயல்பு என்பர். குளிர்விக்கும் இயந்திரம் அவ்வியல்பை வென்றது.

அதன்பின்னர், நியூசிலாந்து பிரிட்டனின் தொலைதூரப் பண்ணை என்று சொல்லத்தக்க நிலையை எய்தியது. 1932-இல் ஆட்டவா நகரில் நடந்த மாநாட்டில், பேரரசைச் சேர்ந்த நாடுகளின் பொருள்களுக்குப் பிரிட்டன் சுங்கச் சலுகை அளித்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, நியூசிலாந்தின் ஏற்றுமதி இறைச்சியையும் பாற்பண்டங்களையும் பிரிட்டானிய அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்யலாயிற்று. அம்முறை 1954 வரை நீடித்தது. பிரிட்டானிய மக்களுக்கு மிகுதியாக அனுப்பும்பொருட்டு, நியூசிலாந்து மக்கள் தம் வீட்டில் வெண்ணெயைச் சுருக்கிக்கொண்டனர். 1943 முதல் 1950 வரை அங்கு வெண்ணெய்ப் பங்கீடு நடைபெற்றது. வெண்ணெய் விளையும் நாட்டிலேயே பங்கீட்டுச் சீட்டுக் காட்டி வெண்ணெய் வாங்கினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1950-ஆம் ஆண்டை ஒட்டி, அந்நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிரிட்டனுக்கே சென்றது.

அதன்பின் நிகழ்ந்ததை விளக்க ஓர் உவமை உதவும். சிற்றூர் ஒன்றிற் பால் விற்றுப் பிழைக்கும் குடும்பம் ஒன்று, தன் வீட்டுப் பாலையெல்லாம் அவ்வூர்ப் பெரிய வீட்டிற்கே அளந்து வந்தது. பெரிய வீட்டார் அயலூரிற் பெண் கொண்டனர். சம்பந்தி வீட்டிலும் கறவை மாடுகள் பல. அவர்கள் பாலையே முதலில் வாங்கவேண்டும் என்பது உறவின் நிபந்தனையாயிற்று. பால்காரர் பாலில் நீர் கலந்தாரல்லர், அளவிற் குறைத்தாரல்லர், விலையை ஏற்றினாருமல்லர். எனினும் வாயில் அடைபடலாயிற்று.

பிரிட்டன் தேடிய சம்பந்தம், பிரான்சு முதலிய நாடுகள் சேர்ந்து அமைத்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமாகும். ‘பொதுச் சந்தை’ என்றும் அதனை வழங்குவர். அதில் உறுப்பாகிய நாடுகள் தமக்குள் வரியின்றி வாணிகம் செய்யும். வெளிநாட்டு வேளாண் பொருள்களுக்கோ கடுந்தீர்வை விதிக்கும். பிரிட்டன் அதிற் சேர 1961-இல் விண்ணப்பித்தது. பிரான்சின் தலைவர் தெகோல் 1963-இலும், மீண்டும் 1967-இலும் தடுத்தார். இறுதியாக, 1973 சனவரி முதல் நாள் பிரிட்டன் உறுப்பாயிற்று. அதற்கு முன், 1971-இல், நியூசிலாந்தின் துணைப் பிரதமராயிருந்த ஜான் மார்ஷல் அரும்பாடுபட்டு, லக்சம்பர்க் நகரில் ஓர் இசைவைப் பெற்றார். அதன்படி, ஐந்தாண்டுகளுக்கு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஆண்டுதோறும் குறைந்துவரும் அளவிற் பிரிட்டனுக்குள் செல்லலாம். பால்காரர்க்கு வேறு வீடு தேடுவதற்குத் தவணை கிடைத்தது எனலாம்.

1973-இல் பிரிட்டன் திடீரெனக் கைவிட்டது என்றே பலரும் கூறுவர். அஃது உண்மையின் ஒரு பகுதியே. அவ்வாண்டு வருவதற்குள்ளாகவே பிரிட்டனுக்குச் செல்லும் பங்கு, மூன்றில் இரண்டு என்பதிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் மாட்டிறைச்சியை வாங்கின. 1958-இல் ஜப்பானோடு வாணிக உடன்படிக்கை ஏற்பட்டது. 1966-இன் இறுதியிற் கம்பளியின் விலை வீழ்ந்து நாட்டை வருத்தியதும், ஒரு பண்டத்தையும் ஒரு சந்தையையும் நம்புதலின் கேட்டை உணர்த்திற்று. ஆகவே, வாயில் அடைபடும் ஓசை கேட்பதற்கு முன்னரே அறிவுடையோர் வேறு வாயில்களைத் தட்டத் தொடங்கியிருந்தனர். வெண்ணெயும் இளஆட்டிறைச்சியுந்தாம் பிரிட்டனை விட்டு எளிதிற் பிரியவில்லை. அவற்றை உண்ணும் வழக்கம் உடையோர் வேறு நாடுகளில் அத்துணை மிகுதியாக இல்லை.

ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. வாங்குவோர் மாறினால் பண்டமும் மாறவேண்டும். ஈரான் முதலிய நாடுகள் ஆட்டிறைச்சி வாங்க முன்வந்தபோது, இசுலாமிய முறைப்படி அறுக்கப்பட்ட இறைச்சியே வேண்டுமென்றன. நியூசிலாந்தின் இறைச்சிக்கூடங்கள் அம்முறைக்கு மாறின. வெண்ணெய் உண்ணாத ஆசிய நாடுகளுக்கு நீண்டநாள் கெடாத பாற்பொடி ஏற்றதாயிற்று. 1983-இல் அண்டை நாடாகிய ஆஸ்திரேலியாவோடு நெருங்கிய பொருளாதார உறவு உடன்படிக்கை செய்துகொண்டனர். 1984-இல் அமைந்த புதிய அரசு உழவர்க்கு வழங்கிவந்த மானியங்களை நீக்கத் தொடங்கியது. பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. 1982-இல் 7 கோடியாக இருந்த ஆடுகளின் தொகை பின்னர் 3 கோடிக்கும் கீழாகக் குறைந்தது. ஆட்டுப் பண்ணைகள் பல மாட்டுப் பண்ணைகளாயின. வாணிகத் துணையை மாற்றுதல் ஏட்டில் ஒரு வரியாகத் தோன்றினும், நிலத்தில் அது தலைமுறை ஒன்றின் உழைப்பையும் துன்பத்தையும் விலையாகக் கொண்டது.

அடுத்து வந்த பெருவாடிக்கை சீனாவாகும். அந்நாட்டில் தொழில் பெருகி, நகரங்கள் வளர்ந்து, மக்கள் கையிற் பணம் சேர்ந்தபோது, பாலும் இறைச்சியும் உண்ணும் வழக்கம் பரவியது. 2008 ஏப்ரல் 7-ஆம் நாள், வளர்ச்சியடைந்த நாடுகளுள் முதலாவதாக, நியூசிலாந்து சீனாவோடு தடையில்லா வாணிக உடன்படிக்கையிற் கையெழுத்திட்டது. அவ்வாண்டிலேயே சீனாவில் உள்நாட்டுக் குழந்தைப் பாற்பொடியில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டுப் பெற்றோரை நடுங்கவைத்தது. அயல்நாட்டுப் பாற்பொடிக்கு நாட்டம் மிகுந்தது. சில ஆண்டுகளில், ஆஸ்திரேலியாவை விஞ்சிச் சீனா முதலிடம் பெற்றது.

பழைய நோய் புதிய வடிவில் வந்தது. 2013 ஆகஸ்டில், ஏற்றுமதியான மோர்ப்புரதப் பொடியில் நச்சுக்கிருமி உண்டென ஐயம் எழவே, சீனா சில பாற்பொருள்களைத் தற்காலிகமாக நிறுத்தியது. அவ்வையம் பொய்யென்பது பின்னரே தெரிந்தது. மறு ஆண்டில், பாற்பொடியை மிகுதியாகச் சேர்த்துவைத்திருந்த சீனா கொள்முதலைச் சுருக்கியது. ரஷியா ஐரோப்பியப் பாற்பண்டங்களைத் தடைசெய்ததால் அவையும் பிற சந்தைகளில் வந்து குவிந்தன. பாலில் நீர் நீங்க எஞ்சும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த திடப்பொருள் ஒரு கிலோவிற்கு, 2013–14 பருவத்தில் 8.40 டாலர் பெற்ற உழவர், அடுத்த பருவத்தில் 4.40 டாலரே பெற்றனர். பலருக்கு அது கறவைச் செலவிற்கும் போதவில்லை.

இதற்கிடையே பெரிய வீட்டிலும் மாற்றம் நேர்ந்தது. பிரிட்டன் 2020 சனவரி 31-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகியது. விலகியபின் பழைய பால்காரரை நாடி வந்தது. இரு நாடுகளுக்கும் இடையேயான தடையில்லா வாணிக உடன்படிக்கை 2023 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது. வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் உள்ள வரி சில ஆண்டுகளிற் படிப்படியாக நீங்கும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நியூசிலாந்து உழவர் அதனை மகிழ்ந்தே வரவேற்றனர். ஆயினும், பாற்பொடி ஏற்றிய அவர்தம் கப்பல்களிற் பெரும்பாலன ஆசியத் துறைமுகங்களை நோக்கியே சென்றுகொண்டிருந்தன.