முதல் குக்குரி வாங்கும் செஞ்சிக்காரருக்கு

நேபாளத்துக் குக்குரி என்ற கத்தி இருப்பது நம் பக்கத்தில் பலருக்கும் தெரியவந்தது ராத்திரி ரோந்து வந்த கூர்க்காக்களால்தான். விசில் ஊதித் தடியால் ரோட்டைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, மாதம் பிறந்ததும் சல்யூட் அடித்துக் காசு வாங்கிப் போனவர்கள். இன்று அந்தக் கத்தி போனிலேயே விலைக்கு வருகிறது. டார்ஜிலிங், காங்டாக் பக்கம் சுற்றுலா போனவர்களும் ஒன்றைத் தூக்கி வருகிறார்கள். மூன்று மலையை வளைத்துச் சுவர் எழுப்பிய ஊர் நம்முடையது. 1714-ல் போர்க்களத்தில் விழுந்த தேசிங்கு ராஜனின் கதையைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கத்தி மேல் ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு அந்த ஆசை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் நேபாளத்து மலைக்கிராமங்களில் குக்குரி என்பது விறகு பிளக்கவும் புதர் கழிக்கவும் இறைச்சி வெட்டவும் வீட்டுக்கு வீடு கிடக்கிற கத்தி. பட்டாளத்துப் பெருமையெல்லாம் 1815-ல் ஆங்கிலேயர்கள் கூர்க்காப் படை சேர்த்த பிறகு அதன் மேல் ஏறியது. வாங்குகிறவர் அந்த வேலைக் கத்தியைத் தேட வேண்டும். நம்மூர்ப் பட்டறையில் வெட்டுக்கத்தி பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

செய்ய வேண்டியவை

எதை வெட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் கத்திக்கும் குக்குரிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்கும் வளைவின் உள்பக்கம்தான் வாய். வேறுபாடு நுனியில் இருக்கிறது. நம் கத்தியின் நுனி மூக்கு மாதிரி உள்ளே வளைந்திருக்கும். வேலிக்காத்தான் முள்ளை வெட்டும்போது அந்த மூக்கால் கிளையைக் கொக்கி போட்டு இழுத்துக்கொள்ளலாம். கை முள்ளுக்குள் போக வேண்டாம். குக்குரிக்கு மூக்கு கிடையாது. அதற்கு வயிறு உண்டு: பிடியிலிருந்து நேராக வந்து, முன்பக்கம் சாய்ந்து, அகன்று, பிறகு முனையில் கூர்மையாகும். எடை முழுக்க அந்த வயிற்றில் இருப்பதால் வீச்சு குறைவாக இருந்தாலும் அடி ஆழமாக இறங்கும். வேப்பங்கிளை கழிக்க, சவுக்குக் கட்டையை அடுப்புக்குப் பிளக்க, இளநீர் வெட்ட நன்றாக இருக்கும். நுங்கு சீவுவதற்கு முதுகு தடிமன் அதிகம், சதைக்குள் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். முள் வெட்டுவதுதான் உங்கள் வேலை என்றால், குக்குரிக்குச் செலவழிக்கிற பணத்தில் உள்ளூர்ப் பட்டறையில் நல்ல கத்தி ஒன்று அடித்து வாங்கி, மிச்சக் காசில் தோல் கையுறையும் வாங்கலாம்.

எஃகைக் கேளுங்கள். நல்ல குக்குரி பெரும்பாலும் பழைய லாரி, ஜீப்பின் கமான் பட்டையிலிருந்து அடிக்கப்படுகிறது. நம் பட்டறைகளிலும் நல்ல கத்தி என்றால் கமான் பட்டைதான். சுமார் 0.6 சதவீதம் கரி கலந்த ஸ்பிரிங் எஃகு அது. அடி தாங்கும், வாயும் நிற்கும். ஆனால் எஃகு பாதிதான். மீதி தோய்ச்சலில் இருக்கிறது. நேபாளக் கொல்லர்கள் பழுக்கக் காய்ச்சிய அலகை அப்படியே தொட்டியில் முக்குவதில்லை. கெட்டிலில் தண்ணீர் எடுத்து வாய் ஓரமாக மட்டும் ஊற்றுவார்கள். அதனால் வாய் கடினமாகிறது, முதுகு மெதுவாகவே நின்று அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வயிற்றுப் பக்கத்து வாய்தான் அதிகக் கடினம், ஏனென்றால் வெட்டு விழுவது அங்கேதான்.

இதைச் சோதிக்க ஓர் அரம் போதும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, முதுகில் மெல்ல ஒரு இழுப்பு இழுங்கள், அரம் கடிக்கும். வயிற்றின் வாயோரத்தில் இழுங்கள். அரம் வழுக்க வேண்டும், அல்லது மிகக் கொஞ்சமாகப் பற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கடித்தால் தோய்ச்சலே இல்லாத இரும்பு. இரண்டு கிளையோடு வாய் மடங்கிவிடும். சோதிக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். நான் வாங்க மாட்டேன். போனில் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் எந்த எஃகு, எங்கே கடினம் என்று எழுதிக் கேட்டு, பதில் நேராக வருகிறதா என்று பார்க்கட்டும்.

காம்பு எப்படி உள்ளே போகிறது என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு. பாதிக் காம்பைப் பிடிக்குள் செருகி, லாஹா என்கிற பிசினால் ஒட்டுவது ஒன்று. நம்மூரில் அரக்கு காய்ச்சி ஊற்றுகிற அதே கைவேலை. காம்பைப் பிடியின் அடிவரை கொண்டுபோய் வெளியே தட்டி மடக்குவது இரண்டாவது. காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் தெரிய, இரண்டு பக்கமும் மரம் வைத்து ஆணி அடிப்பது மூன்றாவது. இதற்குப் பானாவால் என்று பெயர். முதல் கத்திக்கு இரண்டாவதோ மூன்றாவதோ போதும். செஞ்சி வெயிலில் மோட்டார் கொட்டகையில் கிடக்கிற கத்திக்கு ஒட்டுப் பிசினை நம்ப வேண்டாம். அலகைப் பிடித்துக்கொண்டு பிடியை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். கடகடவென்று ஓசை வந்தால் கீழே வையுங்கள்.

பிடியை உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். நேபாளத்துப் பிடி சின்னது. நடுவில் ஒரு வளையம் புடைத்திருக்கும். அது விரல்களுக்கு நடுவே உட்கார வேண்டும். அகன்ற கைக்காரருக்கு அந்த வளையம் பத்தே வெட்டில் கொப்புளம் போட்டுவிடும். மண்வெட்டிப் பிடி பழகிய கை என்றால் வளையம் தேய்ந்த மாதிரி வழுவழுப்பாக இருப்பதைக் கேளுங்கள். சீசம் மரப்பிடி, எருமைக்கொம்புப் பிடி இரண்டும் கிடைக்கும். கொம்பு அழகு. ஆனால் கோடையில் காய்ந்து வெடிக்கிற குணம் உண்டு. மரத்துக்கே என் ஓட்டு.

அளவில் அடக்கமாக இருங்கள். ஒல்லியாக நீண்டது சிருபாதே, வயிறு பெருத்தது புதுனே என்று பல ஜாதி உண்டு. முதலில் வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் நடுவில், ஒன்பது அங்குலத்துக்குள் அடங்கும் அலகு போதும். முதுகு பிடியருகே எட்டு, பத்து மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கி முனை வரை மெலிந்துகொண்டே போக வேண்டும். கடைசி வரை ஒரே தடிமன் என்றால் அது அடித்த கத்தி அல்ல, தகட்டில் அறுத்த கத்தி.

உறையிலிருந்து எடுக்கப் பழகுங்கள். உறை இரண்டு மரப்பலகையைச் சேர்த்து, மேலே எருமைத்தோல் போர்த்தியது. வாய்ப்பக்கத்து இணைப்பைக் கத்தியே அறுத்துவிடலாம். உறையைச் சுற்றி விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு உருவினால், அலகு தோலைத் தாண்டி விரலுக்கு வரும். முதுகுப் பக்கத்திலிருந்து மட்டும் பிடித்து, முதுகு உறையின் மேல் உரசியபடி மெதுவாக இழுக்க வேண்டும். குக்குரியால் காயம்பட்டவர்களில் பலர் வெட்டும்போது படவில்லை, உருவும்போது பட்டவர்கள். உறையைத் தலைகீழாகப் பிடித்தால் கத்தி தானாக வழுக்கி விழக்கூடாது. இதைத் தரைக்கு அரை அடி மேலே வைத்துச் சோதிக்கவும், கால் மேல் வேண்டாம்.

உறையில் செருகியிருக்கும் இரண்டு குட்டிக் கத்திகளையும் பாருங்கள். ஒன்று கர்தா, தோல் உரிக்க, காய் நறுக்க. மற்றொன்று சக்மக், வாய் மழுங்கலாகவே இருக்கும், பெரிய கத்தியின் வாயைச் சீர்செய்ய. மலிவுக் கடைகளில் இரண்டும் வெறும் தகடு. அவை உருப்படியாக இருந்தால் பெரியதும் உருப்படியாக இருக்கும் என்பது என் கணக்கு.

அடித்தவர் யார் என்று கேளுங்கள். கிழக்கு நேபாளத்தில் போஜ்பூர், தரான் இரண்டும் பேர்போன ஊர்கள். இந்தியாவில் டேராடூனில் செய்கிறார்கள். குக்குரியை அடிக்கிறவர்கள் காமி என்ற சாதியினர்; விஸ்வகர்மா என்று பெயரோடு சேர்த்துக்கொள்பவர்கள். நம் கம்மாளரும் தங்களை விஸ்வகர்மா என்றே சொல்கிறார்கள். நாம் ஆயுத பூஜை போடுகிற அதே நவமியில் அங்கே தசைன் திருநாளில் ஆயுதங்களுக்குப் பூஜை நடக்கிறது. ஆனால் இங்கே பூணூல் போட்ட தொழில். அங்கே தீண்டாமைக்கு ஆளான தொழில். 1963-ல் சட்டம் அதை நீக்கியும் ஊர் வழக்கம் முழுதாக மாறவில்லை. நாட்டின் அடையாளமாகக் கத்தியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, அதை அடித்த கையைத் தள்ளிவைத்தார்கள். பேரம் பேசும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1959-ன் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதம். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் அரிவாளும் வெட்டுக்கத்தியும் அந்த விலக்கில் பிழைக்கின்றன. குக்குரியோ பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. “நேபாளத்தில் இது விவசாயக் கருவிங்க ஐயா” என்று ஸ்டேஷனில் சொல்லிப் பார்க்கலாம், எடுபடும் என்று உத்தரவாதம் இல்லை. ஒன்பது அங்குலத்துக்குக் கீழேயும், அகலம் இரண்டு அங்குலத்துக்குள்ளும் வாங்கினால் பாதிக் கவலை விட்டது. பெரியதுதான் வேண்டும் என்றால் வாங்கும் முன்பே காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, பட்டறைக்காரர்கள் கத்தி வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கச் சொன்னது. பட்டறையில் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். முகம் தெரிகிற ஸ்டெயின்லெஸ் அலகு, பித்தளைச் சிங்கத்தலைப் பிடி, வெல்வெட் உறை எல்லாம் சுவரில் மாட்ட. அவற்றால் ஒரு வாழைமரத்தைக்கூட நம்பி வெட்ட முடியாது.

உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக்கூடாது என்ற கதையை நம்பாதீர்கள். தினமும் விறகு வெட்டுகிற வீட்டில் அப்படி ஒரு விதி இருந்தால் யாருக்கும் விரல் மிஞ்சாது. பிடியருகே வாயில் இருக்கிற சின்ன வெட்டுக்கும் ஆளுக்கொரு விளக்கம்: சிவனின் சூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு வராமல் சொட்ட. எதை நம்பினாலும் நம்புங்கள், அந்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள்.

கிடா வெட்டுக் கத்தியை முதல் கத்தியாக வாங்காதீர்கள். தசைனில் ஒரே வெட்டில் எருமைத் தலை விழ வேண்டும் என்பதற்காகச் செய்த பெரிய குக்குரிகள் உண்டு. நம் கோயில்களிலும் அந்த வேலைக்குத் தனிக் கத்தி, தனி ஆள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கி வந்து வீட்டில் கறி போடுகிறவருக்கு அந்த எடை தேவையே இல்லை.

பாறையருகே வீசாதீர்கள். செஞ்சிக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம் நிலத்தில் முள்ளும் புதரும் கருங்கல் உருண்டைகளுக்கு நடுவில்தான் முளைக்கின்றன. கடினமான வாய் கல்லில் பட்டால் மடங்காது, பெயரும். பெயர்ந்த இடத்தைத் தேய்த்து எடுக்க அரை அலகு போய்விடும். அடிமரத்தை வெட்டும் முன் மண்ணைக் காலால் தள்ளிப் பாருங்கள்.

முதுகில் சுத்தியால் அடித்து விறகு பிளக்காதீர்கள். முதுகு மெத்தென்றது, நசுங்கிக் கொண்டை போடும். மரக்கட்டையால் தட்டலாம். அலகை மரத்தில் இறக்கி நெம்பவும் கூடாது.

கரண்ட் கிரைண்டரில் கொடுக்காதீர்கள். வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்துத் தோய்ச்சல் போயிற்று. சைக்கிள் சாணைக்காரர் மெதுவாகச் சுற்றிப் பிடித்தால் பரவாயில்லை. வீட்டில் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்ப்பது அதைவிட மேல். உள்வளைந்த இடத்துக்குக் கல்லின் விளிம்பைப் பயன்படுத்துங்கள்.

உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரம் இழுக்கும். ஐப்பசி அடைமழை முடிந்து எடுத்துப் பார்த்தால் அலகு முழுக்கத் துரு. தையல் மிஷின் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, உறையைத் தனியாக வையுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். சமையலுக்கும் அதே கத்தி என்றால் தேங்காயெண்ணெய் தடவி, அடிக்கடி துடைத்து மாற்றுங்கள்.

கையில் வைத்துக்கொண்டு படம் போடாதீர்கள். 2018 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி அரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டினான். விருந்துக்கு வந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் கேக் வெட்டுகிற வீடியோக்கள் நின்றபாடில்லை, கைதுகளும் நின்றபாடில்லை.

கோட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள், பைக் சீட்டுக்குக் கீழே போட்டு வைக்காதீர்கள். ஊருக்குக் கொண்டுவரும்போது விமானத்தில் கைப்பையில் வைத்தால் அங்கேயே பறிமுதல்; பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி அனுப்புங்கள்.

கைக்குக் கை கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் கத்தியைக் கீழே வைத்து, எடுத்துக்கச் சொல்கிற வழக்கம் இதற்கும் பொருந்தும். வயிறு பெருத்த அலகுக்கு இருட்டில் எந்தப் பக்கம் வாய் என்று புதியவருக்குத் தெரியாது.