மையத்தின் பொறுப்பை ஏற்கும் சிறப்பாசிரியருக்கு



ஆட்டிசம் மையங்களில், கைதேர்ந்த சிறப்பாசிரியர் என்று பெயரெடுத்தவரையே தலைமைப் பொறுப்பில் அமர்த்துவது வழக்கம். பொறுப்புக்கு வந்தவரும் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளையெல்லாம் தாமே எடுத்துக்கொள்வார். பெற்றோரும் அதைத்தான் கேட்பார்கள். அவர் நான்கு நாள் விடுப்பில் போனால் மையம் தடுமாறிவிடும். நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: உங்களுக்குத் தெரிந்தது உதவியாளருக்கும் வீட்டாருக்கும் எவ்வளவு பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதே உங்கள் தலைமைக்கு அளவுகோல்.

அப்படிக் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ‘பாஸ்’ ஆய்வின் முடிவுகள் 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தன. ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆறு மாதங்களில் 12 செஷன்கள் கூடுதலாகத் தந்தார்கள். செஷன்களை நடத்தியவர்கள், நிபுணத்துவப் படிப்பு இல்லாமல் இதற்கெனப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு பெற்றோருடன் அமர்ந்து அதைப் பார்த்துப் பேசினார்கள். குழந்தையின் போக்கறிந்து பெற்றோர் ஈடுகொடுப்பது கூடியது. குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முனைவதும் கூடியது. இருவரும் ஒன்றின்மேல் சேர்ந்து கவனம் வைக்கும் நேரமோ குறைந்தது. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். உங்கள் ஆண்டறிக்கைக்கும் அந்த நேர்மை வேண்டும்.

நிபுணரல்லாதவரிடம் விட்டால் குழந்தைக்குக் கெடுதல் வராதா என்று கேட்பார்கள். மேற்பார்வை இல்லையென்றால் வரும். பாஸ் பணியாளர்களுக்கும் மேற்பார்வை இருந்தது. ஆகவே உங்கள் சொந்த செஷன்களைக் குறைத்து, மிஞ்சும் நேரத்தைப் பிறர் செஷன்களைப் பார்ப்பதற்கென்றே கால அட்டவணையில் ஒதுக்குங்கள். இதைவிடக் கூர்மையான இன்னொரு கேள்வி உண்டு: ஏற்கெனவே களைத்திருக்கும் தாயின் தலையில் இன்னொரு வேலையா? வேலையோடு பழியும் சேர்ந்துவிடக் கூடாது. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பரப்பிய கருத்து பொய்யென்று எப்போதோ தள்ளப்பட்டது. ‘வீட்டில் ஒழுங்காகச் செய்யவில்லை’ என்று உங்கள் ஊழியர் ஒருவர் முணுமுணுக்கும்போது அதே பழி கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது. அந்தப் பேச்சை முதல் நாளே நிறுத்துங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்ய முடிவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அப்பாவையும் பாட்டியையும் வரவழையுங்கள். செய்ய முடியாமல் போனால், பயிற்சியைத் திருத்த வேண்டியது மையத்தின் கடமை.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்