நீண்ட இரவும் நம் உடல்நலமும்

டிசெம்பர் 21 அல்லது 22 ஆம் நாள் நோர்வேயில் ஆண்டின் மிகக் குறுகிய பகல். யாழ்ப்பாணத்தில் அன்றும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு. ஒஸ்லோவில் ஆறு மணி நேரம்கூட இல்லை. துறொம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பும் எம்மவர் பலர் இந்த நாட்களில் வெயிலைக் காண்பது சனி, ஞாயிறுகளில் மட்டுமே.

ஏன் இந்தக் களைப்பு?

கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்தே மூளை நேரம் கணிக்கிறது. இருண்டதும் மெலற்றோனின் என்ற ஹோர்மோன் சுரந்து உறக்கத்தைத் தூண்டும். காலை வெளிச்சம் அதைக் குறைக்கும். காலை வெளிச்சம் கிடைக்காதபோது உடற்கடிகாரம் பிந்துகிறது. எழும்புவதே பாடாகிறது, மாப்பண்டமும் இனிப்பும் தேடுகிறது. இதைச் சோம்பல் என்று பிள்ளைகளையோ வாழ்க்கைத் துணையையோ ஏசுவது தவறு.

ஓய்வு எப்படி இருக்க வேண்டும்?

1. விடுமுறையிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழும்புங்கள். மதியம் வரை படுத்தால் களைப்பு கூடுமேயன்றிக் குறையாது.

2. நண்பகலில் அரை மணி நேரம் வெளியே நடவுங்கள். முகில் மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

3. குளிர்காலச் சூரியனால் இங்கே எமது தோலில் விற்றமின் டி உருவாகாது. தோல் கருமையானவர்களுக்குக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு இன்னும் அதிகம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம், 75 வயதுக்கு மேல் 20 தேவை. ஒரு தேக்கரண்டி மீனெண்ணெயில், அதாவது இங்குள்ளோர் 'திரான்' என்பதில், 10 கிடைக்கும்.

ஓர் அமைதியான மாலை

இக்காலத்தில் அடங்கியிருப்பது எமக்குப் புதிதல்ல. மார்கழியில் கலியாணப் பேச்சை ஒதுக்கிவைத்து, திருவெம்பாவை நாட்களில் சங்கும் சேமக்கலமும் கேட்டு விடியுமுன் எழும்பியவர்கள் நாம். உத்தராயணத்தைத் தை முதல்நாளில் கணக்கிட்டாலும், சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது இந்த நாளில்தான்.

எனவே அன்று ஒரு மாலையை ஒதுக்குங்கள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நிறுத்தி, ஒரு விளக்கின் முன் குடும்பமாக இருபது நிமிடம் இருங்கள். இந்த ஆண்டு யாரை இழந்தோம், யார் எமக்குக் கைகொடுத்தார்கள், எந்தச் சுமையை இறக்கி வைக்கலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கலாம். பேச விரும்பினால் பேசலாம், கட்டாயமில்லை. படுக்குமுன் மெழுகுதிரியை அணைக்க மறவாதீர்கள்.

ஓய்வு போதாதபோது

ஓய்வெடுத்தபின் மனம் இலேசாக வேண்டும். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, அழுகை, ஆட்களைத் தவிர்த்தல் தொடர்ந்தால் அது ஓய்வல்ல, நோய். பருவகால மனச்சோர்வை நோர்மன் றோசென்தாலும் அவரது குழுவினரும் 1984 இல் விவரித்தனர். இதற்குச் சிகிச்சை உண்டு. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் இருப்பது அவற்றில் ஒன்று. கண்நோய் உள்ளவர்களும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் குடும்ப வைத்தியரைக் கேட்க வேண்டும்.

"ஆட்கள் என்ன நினைப்பார்கள்" என்று மறைக்காதீர்கள். வைத்தியர் இரகசியம் காக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர். யாருடனாவது பேச வேண்டும் போலிருந்தால் 116 123 என்ற எண்ணை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 113.

தனியே வாழும் முதியவர், அண்மையில் வந்த மாணவர் யாராவது உங்கள் அயலில் இருந்தால், அந்த மாலை ஒரு கோப்பை தேநீருக்கு அழையுங்கள். மறுநாள் முதல் பகல் சிறிது சிறிதாக நீளும்.